மலையிலிருந்து வரும் நீர்ச்செய்தி: ரேடியோ வழியின் தன்மையும் மோடத்தின் வேலையும்

பாசன நீரை நம்பிப் பயிர் செய்வோருக்கு, அந்த வருஷம் அணைக்கு எவ்வளவு நீர் வந்து சேரும் என்பதை முன்கூட்டி அறிவது மிகவும் அவசியம். முழுப் பரப்பையும் சாகுபடி செய்வதா, பாதியைத் தரிசாக விடுவதா, விதைக்கும் உரத்துக்கும் எவ்வளவு கடன் வாங்குவது என்பன எல்லாம் அந்த ஒரு கணக்கைப் பொறுத்தவை. இக்காலத்தில் மழைமானிகளும், நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளும், கிணற்று மோட்டாரை இயக்கும் பெட்டிகளும் அருகில் ஆள் இல்லாமலே தம் செய்தியை ரேடியோ மூலம் அனுப்புகின்றன. அச்செய்தி சில வேளைகளில் தடையின்றி வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. அப்போது கருவி பழுதாகிவிட்டதென்று எண்ணி அதைக் கழற்றி மாற்றுவது வழக்கம். புதிய கருவியும் அவ்விதமே நடக்கக் கண்ட பிறகுதான், குறை கருவியில் இல்லை, செய்தி வரும் வழியில் இருக்கிறது என்பது விளங்குகிறது.

ரேடியோ வழியின் நிலைமை மோடத்தின் வேலையை எவ்வளவு தூரம் ஆளுகிறது என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகா மலைப்பனியை அளந்த வரலாறு நல்ல உதாரணமாகும். குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அதிலிருந்து அறிந்துகொள்ளத் தக்கவை பல உண்டு.

பனியே அணைக்கட்டு

அந்நாட்டின் மேற்கு மாகாணங்களில் கோடை மழை மிகச் சொற்பம். ஐடஹோ மாகாணத்தில் ஸ்னேக் ஆற்றின் சமவெளியில் விளையும் உருளைக்கிழங்கும், சர்க்கரைப் பீட்டும், குதிரைமசாலும் பாசனத்தைக் கொண்டே விளைகின்றன. அப்பிரதேசத்து ஆறுகளில் ஓடும் நீரில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, குளிர்காலத்தில் மலைகளின் மேல் படிந்த பனி வசந்தகாலத்தில் உருகுவதால் கிடைப்பது. ஆகவே மலைமேல் கிடக்கும் பனியில் எத்தனை அங்குல நீர் அடங்கியுள்ளது என்று தெரிந்தால், கோடையில் வாய்க்காலில் எவ்வளவு நீர் ஓடும் என்று மதிப்பிடலாம்.

இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் நெவாடா சர்வகலாசாலையில் பண்டைய மொழிகளைக் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்பவர். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் என்ற மலையில், பனியில் செலுத்தி எடுக்கும் குழாய் ஒன்றை அமைத்தார். குழாயினுள் அகப்பட்ட பனியை நிறுத்துப் பார்த்தால் அதிலுள்ள நீரின் அளவு தெரிந்துவிடும். 1934இல் நேர்ந்த கடும் வறட்சிக்குப் பின், 1935இல் மத்திய சர்க்கார் பனியளவை வேலைக்கென ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. பல வருஷ காலம் ஊழியர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலையேறி, மாதம் ஒரு முறை அளந்து வந்தனர். இவ்வேலை கடினமும் அபாயமும் நிறைந்தது. இரண்டு அளவைகளுக்கு நடுவே நேர்ந்த மாறுதலும் தெரியாமற்போயிற்று.

1970களின் நடுப்பகுதியில் இவ்விலாகா தானியங்கி நிலையங்களை அமைக்கலாயிற்று. ஸ்னோடெல் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். உறையாத திரவம் நிரப்பிய மெத்தை போன்ற ஒரு பை தரையில் விரிக்கப்படும். அதன்மேல் படியும் பனியின் பாரத்தை அழுத்தக் கருவி அளக்கும். மழையையும் காற்றின் உஷ்ணத்தையும் அளக்க வேறு கருவிகள் உண்டு. சூரிய ஒளித் தகட்டால் நிரம்பும் பாட்டரியே அவற்றுக்கு மின்சக்தி. இவ்வளவும் எளிதாக முடிந்தது. அளந்த எண்ணை மலையிலிருந்து இறக்கி ஊருக்குக் கொண்டுவருவதே கஷ்டமான காரியமாயிற்று.

மோடத்தின் தொழில்

கருவி அளந்த எண்ணை ஒன்றும் சூன்யமுமான குறிகளாக்கி, அக்குறிகளை ரேடியோ அலையின்மேல் ஏற்றி அனுப்புவதும், மறுமுனையில் வந்த அலையிலிருந்து குறிகளைப் பிரித்தெடுத்துப் பழையபடி எண்ணாக்குவதும் மோடத்தின் தொழில். பழைய தந்தி ஆபீசில் கட்டையைத் தட்டியவரும் அதைக் கேட்டு எழுதியவரும் செய்த வேலையை இது மனிதரின்றிச் செய்கிறது எனலாம். பட்டறையில் இரண்டு மோடங்களைக் கம்பியால் இணைத்தால் ஒரு குறியும் தவறுவதில்லை. வெளியில் கொண்டுபோய் வைத்தால் அதே மோடங்கள் தடுமாறுகின்றன. நடுவில் உள்ள வழி நான்கு விதமாகக் கெடுதல் செய்வதே காரணம்.

முதலாவது, தூரம். தடையற்ற வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி நாலில் ஒன்றாகும். நடுவே மலையோ அடர்ந்த மரங்களோ நின்றால் இன்னும் குறையும்.

இரண்டாவது, இரைச்சல். மின்னல், மின்சாரக் கம்பிகள், மோட்டார்கள், வான்வெளி ஆகிய யாவும் ஓயாமல் ரேடியோ இரைச்சலை உண்டாக்குகின்றன. சந்தை இரைச்சலில் பேசுகிறவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் காதில் விழும். அதுபோல, இரைச்சல் மிகுந்த வழியில் மோடம் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு குறிக்கும் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பல வழிகளில் வருதல். ஒரே அலை நேராகவும், மலைச்சரிவில் பட்டுத் திரும்பியும், வேறு பாதைகளிலும் சிறிது முன்பின்னாக வந்து சேரும். முந்தைய குறியின் எதிரொலி அடுத்த குறியின்மேல் விழுந்து இரண்டையும் குழப்பும்.

நான்காவது, மங்குதல். அவ்வாறு வந்த அலைகள் ஒரு கணம் ஒன்றுக்கொன்று துணையாகவும், மறு கணம் ஒன்றையொன்று அழிப்பனவாகவும் இருக்கும். ஆதலால் ஒலி ஏறியும் இறங்கியும் வரும். முற்றிலும் மறைந்துபோவதும் உண்டு.

அயனி மண்டலத்தின் வழி

இவை எல்லாம் ஒருங்கே காணப்படுவது, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலை ரேடியோவில் ஆகும். இந்த அலைகள் வானில் சூரியக் கதிரால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, வெகு தூரத்தில் தரைக்கு இறங்குகின்றன. ஒரு முறை தாவி வந்த அலையும் இரு முறை தாவி வந்த அலையும் ஒரே இடத்தில் சந்திக்கும். இரண்டுக்கும் ஓரிரு மில்லிவினாடி வித்தியாசம் இருக்கும்.

இந்த வித்தியாசம் அற்பமென்று தோன்றலாம். வினாடிக்கு 2400 குறிகள் அனுப்பும் மோடத்தில் ஒரு குறிக்குக் கிடைப்பது 0.42 மில்லிவினாடியே. ஆகவே 2 மில்லிவினாடி பிந்தி வரும் எதிரொலி, ஏறக்குறைய ஐந்து குறிகளின்மேல் படிந்துவிடுகிறது. சர்வதேச ரேடியோ ஆலோசனைக் குழுவினர் சோதனைக்காக வழிகளை நல்லது, நடுத்தரம், மோசம் என வகுத்திருந்தனர். நல்ல வழிக்கு எதிரொலி 0.5 மில்லிவினாடி, நடுத்தரத்துக்கு 1, மோசமானதற்கு 2 என்பது அவர்கள் வைத்த அளவு. 1970இல் வாட்டர்சன் என்பவரும் அவர் சகாக்களும், இவ்வழியின் போக்கைக் கணித ரூபமாக வகுத்து, உண்மையான ரேடியோப் பாதையோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அதுமுதல், மோடத்தை வெளியில் கொண்டுபோகாமலே பட்டறையில் செயற்கையாகக் கெடுக்கப்பட்ட வழியில் சோதிக்க முடிந்தது.

வழியின் கெடுதலுக்கு மாற்றாக மோடத்தில் மூன்று உபாயங்கள் கையாளப்படுகின்றன. தெரிந்த குறிகளை இடையிடையே அனுப்பி, அவை எப்படிச் சிதைந்து வருகின்றன என்று பார்த்து வழியின் கோணலை அறிந்து திருத்துவது ஒன்று. சில குறிகள் அழிந்தாலும் மற்றவற்றைக்கொண்டு அவற்றை மீட்கும்படி உபரிக் குறிகளைச் சேர்ப்பது மற்றொன்று. குறிகளை வரிசை மாற்றிக் கலந்து அனுப்புவது மூன்றாவது. ஒரு ரக நாற்றை முழுவதும் ஒரே பள்ளமான பாத்தியில் விட்டால், வெள்ளம் வந்தபோது அந்த ரகமே போய்விடும். எல்லாப் பாத்திகளிலும் பிரித்து விட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் சிறிதே சேதமாகும். அவ்விதமே கலந்தனுப்பிய செய்தியில் ஒரு வினாடி மங்கினாலும் சேதம் பரவிச் சிறிதாகிறது. உபரிக் குறிகள் அதை ஈடுசெய்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் சிற்றலை மோடத்தில் இக்கலப்பு 0.6 வினாடி, 4.8 வினாடி என இரு அளவுகளில் அமைந்தது. நீண்ட கலப்பு நீண்ட மங்கலைத் தாங்கும். ஆனால் செய்தி அவ்வளவு தாமதமாகும். இங்கும் வழியின் நிலைமையே தேர்வை முடிவு செய்கிறது.

எரிநட்சத்திரத்தின் சுவடு

ஸ்னோடெல் அமைத்தவர்கள் கையாண்ட வழி இன்னும் விநோதமானது. வான்வெளியிலிருந்து நுண்ணிய துகள்கள் கணக்கின்றிப் பூமியின் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்த வண்ணம் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் எரிநட்சத்திரங்கள் அவற்றுள் மிகச் சிலவே. ஒவ்வொரு துகளும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டமுள்ள ஒரு சுவடு விட்டுச் செல்கிறது. எரிநட்சத்திரங்களுக்கும் ரேடியோவுக்கும் தொடர்பு இருக்கலாமென்று 1929இலேயே ஜப்பானிய விஞ்ஞானி நாகாவோகா கருதினார். 1950களில் கனடாவில் ஜானெட் என்ற ஏற்பாட்டின் மூலம் இச்சுவடுகளில் ரேடியோ அலையைப் பிரதிபலிக்கச் செய்து செய்தி அனுப்பப்பட்டது.

ஸ்னோடெல்லில் ஐடஹோவின் பாய்ஸி நகரிலும், யூட்டாவின் ஆக்டன் நகரிலும் தலைமை நிலையங்கள் அமைந்தன. தலைமை நிலையம் 40.53 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் மலைநிலையங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஏற்ற இடத்தில் ஒரு சுவடு தோன்றியதும் அக்கூப்பாடு அதில் பட்டு ஒரு மலைநிலையத்தை அடையும். அந்நிலையம் உடனே தன் எண்களை 41.53 மெகாஹெர்ட்ஸில் அதே சுவடு வழியாகத் திருப்பி அனுப்பும். நடுவில் எத்தனை மலைத்தொடர் இருந்தாலும் தடையில்லை. ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தூரம்வரை செய்தி எட்டும்.

இவ்வழியின் குறை அதன் குறுகிய ஆயுளே. சாதாரணச் சுவடு ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கலைந்துவிடும். பெரிய துகளின் சுவடு சில வினாடி நிற்கலாம். அதிர்வெண் கூடக்கூடச் சுவடு உபயோகப்படும் நேரம் குறையும். அதிர்வெண்ணைக் குறைத்தாலோ வான்வெளி இரைச்சல் ஓங்கும். இரண்டுக்கும் நடுவே பார்த்துத்தான் 40 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

சுவடு கண்ணாடிபோல் குறித்த கோணத்தில் மட்டுமே பிரதிபலிப்பதால், ஒரு சுவடு ஒரு சிறு பிரதேசத்துக்கே உதவும். இது குறைபோல் தோன்றினாலும், பல நூறு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒன்றையொன்று கெடுக்காமல் பேச இதுவே வசதி செய்தது.

காலையும் மாலையும்

மழையில் வேகமாக ஓடும் வண்டியின் முன்புறமே அதிகம் நனையும். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, விடியற்காலைப் பொழுதிலுள்ள பக்கம் வண்டியின் முன்புறமாகவும், மாலைப் பொழுதிலுள்ள பக்கம் பின்புறமாகவும் அமைகிறது. ஆதலால் காலை 6 மணி அளவில் சுவடுகள் மிகுதி. மாலை 6 மணி அளவில் மிகக் குறைவு. வட பாதி உலகில் வருஷத்தில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மிகுதியாகவும், பிப்ரவரியில் மிகக் குறைவாகவும் உள்ளன.

இங்கேதான் கஷ்டம். நீர்வரத்து மதிப்பீடு ஜனவரி முதல் ஜூன் வரை மாதந்தோறும் வெளியாகும். பனி ஏறிக்கொண்டிருக்கும் பிப்ரவரியின் கணக்கு குடியானவர்களுக்கும் கால்வாய்ச் சங்கங்களுக்கும் மிகவும் வேண்டியது. செய்திக்கு மிகுந்த தேவையுள்ள அந்த மாதத்தில்தான் வழி மிகவும் வறண்டிருந்தது. மோடத்தின் சக்தியை எவ்வளவு கூட்டினாலும் இல்லாத சுவட்டை உண்டாக்க இயலாது.

ஆகவே மோடத்தை வழிக்கு ஏற்றபடி அமைத்தார்கள். செய்தி மிகச் சுருக்கமாக, சில எண்களோடு நின்றது. வினாடிக்கு 2000 குறிகள் செல்வதாகக் கொண்டால், 100 எழுத்துள்ள செய்தி அரை வினாடிக்குள் முடிந்துவிடும். சாதாரணச் சுவட்டிலும் அது அடங்கும். கணக்கர் பேரேட்டின் அடியில் கூட்டுத்தொகை எழுதிச் சரிபார்ப்பதுபோல, செய்தியின் இறுதியில் சரிபார்க்கும் குறிகள் சேர்க்கப்பட்டன. அவை ஒத்து வந்தால் தலைமை நிலையம் ரசீது அனுப்பும். ரசீது வராதவரை மலைநிலையம் எண்களைத் தன்னிடமே வைத்திருந்து, அடுத்த சுவட்டில் மீண்டும் அனுப்பும். சுவட்டுக்காகச் சில நிமிஷமோ அதற்கு மேலோ காத்திருக்க நேர்ந்தாலும், நாள்தோறும் ஒரு முறை அளக்கும் பனிக் கணக்குக்கு அத்தாமதத்தால் நஷ்டமில்லை.

இம்முறையில் ஸ்னோடெல் பல பத்தாண்டுகள் வேலை செய்தது. நிலையங்கள் 900க்கு மேற்பட்டன. கைப்பேசி வசதியும் செயற்கைக்கோள் வசதியும் பரவியபின், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் நிலையங்கள் படிப்படியாக அவ்வழிகளுக்கு மாற்றப்பட்டன. வழி மாறியதேயன்றி விதி மாறவில்லை. கைப்பேசிக் கோபுரத்தை மலை மறைக்கலாம். செயற்கைக்கோளை நோக்கிய ஏரியலை மரக்கிளையோ படிந்த பனியோ மறைக்கலாம். இந்திய வானிலை இலாகா அமைத்த தானியங்கி நிலையங்களிலும் பல, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இன்சாட் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. ரசீது பெற வசதியில்லாத வழிகளில், ஒரே செய்தியை வெவ்வேறு நேரத்தில் பன்முறை அனுப்புவது ஏற்ற உபாயமாகும்.

வராத செய்தியும் சூன்யமும்

கிராம அதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செய்தி வராமலிருப்பது வேறு. சூன்யம் என்று செய்தி வருவது வேறு. மழைமானியிலிருந்து ஒரு நாள் செய்தி வராவிட்டால் அன்று மழை இல்லை என்று பதிவு செய்தல் பெரும் பிழையாகும். பலத்த மழையும் இடியும் உள்ள நாளில்தான் கோபுரத்துக்கு மின்சாரம் நின்று செய்தி தடைப்படுவது மிகவும் சாத்தியம். அன்றைக்குச் சூன்யம் எழுதினால், மழை மிகுந்த நாளே வறண்ட நாளாகப் பதிவாகி, பயிர்ச் சேத நிவாரணக் கணக்கிலும் இன்ஷூரன்ஸ் கணக்கிலும் குடியானவனுக்கு நஷ்டம் நேரும். செய்தி வராத நாளுக்கு எதிரே "வரவில்லை" என்றே எழுதி, பின்னர் கருவியின் நினைவிலுள்ள எண்ணைக் கண்டு பூர்த்தி செய்வதே முறை.

வயல்களில் கவனிக்க வேண்டியவை

மோட்டாரை இயக்கும் பெட்டியோ, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியோ வைத்திருப்போர் கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்.

1. ஏரியலை இரும்புப் பெட்டிக்குள்ளோ தகரக் கூரையின் அடியிலோ வைத்தலாகாது. வெளியே எடுத்து உயரமான கம்பத்தில் பொருத்த வேண்டும்.

2. கரும்பு நட்ட மாதத்தில் சோதித்து நன்றாக இருந்த வழி, பயிர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தபின் மோசமாகலாம். நனைந்த இலை அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். முதிர்ந்த பயிரின் உயரத்துக்கு மேலே ஏரியல் நிற்கும்படி முதலிலேயே அமைக்க வேண்டும்.

3. ஓரிடத்தில் மங்கலாக வந்தால், கருவியை மாற்றுமுன் ஏரியலைச் சில அடி தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். எதிரொலிகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்திலிருந்து சிறிது விலகினாலே பலன் தெரியும்.

4. ஒரே ஒரு முறை சோதித்து முடிவு செய்யலாகாது. காலை, நண்பகல், இரவு, மழை நாள் ஆகிய வேளைகளில் பத்து முறை அனுப்பினால் எத்தனை முறை சேர்ந்தது என்று குறித்துவைத்தல் வேண்டும்.

5. மோட்டாருக்குக் கட்டளை சேர்ந்தது என்ற பதிலோடு திருப்தியடையலாகாது. மோட்டாரில் மின்சாரம் ஓடுகிறதென்று அளந்து பதில் அனுப்பும் கருவியே நம்பத் தக்கது. இல்லாவிடில், மடையில் நீர் பாய்கிறதென்று எண்ணி வீட்டிலிருக்க, நாற்று வாடிக்கொண்டிருக்கும்.

6. வாங்கும்போது எவ்வளவு வேகமாக அனுப்பும் என்று மட்டும் கேட்காமல், செய்தி தவறினால் கருவி என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். எண்ணைச் சேமித்து வைத்து மீண்டும் அனுப்பாத கருவி, எவ்வளவு வேகமுள்ளதானாலும், வயலுக்கு உதவாது.

மழை பெய்து மண் பதமாகும்வரை காத்திருந்து, பதம் கிடைத்ததும் தாமதமின்றி உழுது விதைப்பவனே புன்செய்யில் பலன் காண்கிறான். பாய்ஸி, ஆக்டன் நிலையங்களுக்கு மலைப்பனியின் கணக்கு வந்து சேர்ந்ததும் அவ்விதமே: வழி திறக்கும்வரை காத்திருந்து, திறந்த கணத்தில் சுருக்கமாகச் சொல்லி, ரசீது பெற்ற பின்பே ஓய்ந்தது அந்த மோடம். தம் வயலில் கருவி வைப்போரும் முதலில் வழியைச் சோதித்து, பின்னர் அதற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுத்தால், பணமும் மிஞ்சும். வேண்டிய நாளில் வேண்டிய செய்தியும் கைக்கு வந்து சேரும்.